காளவாய் லைன் முனுசாமி

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவளுக்கு அக்கம்பக்கத்து வீட்டு விஷயம் எதுவும் தப்பாது. ரேஷன் கார்டு, மார்க் ஷீட், கோர்ட் நோட்டீஸ், டெத் சர்டிபிகேட் எல்லாம் என் மிஷின் கண்ணாடி மேல்தான் குப்புறப் படுத்தாக வேண்டும். படிக்கமாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லுவேன். படித்துவிடுவேன். காக்ஸ் டவுனிலிருந்து மொபெட்டில் வந்து ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் சாயங்காலம் வரை எனக்கு வேறென்ன பொழுதுபோக்கு இருக்கிறது?

அப்படிப்பட்ட என்னிடம், தொண்ணூற்றெட்டு ஜூன் மாதம் ஒரு காலையில், பக்கத்துக் கடை குணசேகர் வந்து, "பிரிஜெட் அக்கா, எங்கப்பாவைக் கண்டுபுடிக்கணும்" என்றான். நான் சிரித்துவிட்டேன். அவன் அப்பா செத்து நாற்பத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

குணசேகர் ஆட்டோக்களுக்கு சீட்டும் ஹூடும் தைக்கிறவன். ரெக்ஸின் வாடை என் கடை வரைக்கும் வரும். மழை தொடங்கிவிட்டால் கிழிந்த ஹூடோடு ஆட்டோக்கள் வாசலில் வரிசையாக நிற்கும். தேங்காய் நாரை உதறி சீட்டுக்குள் திணித்துக்கொண்டே அவன் டிரைவர்களுக்கு ஒரே கதையைத்தான் சொல்லுவான். கோலார் தங்கவயலில் அவன் அப்பா முனுசாமி டிம்பர்மேன். சுரங்கத்தின் கூரை தலையில் விழாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிற வேலை. "பூமிக்குக் கீழ மூவாயிரம் அடி. மேல இருக்கிற மலையையே எங்கப்பா ரெண்டு கட்டைல நிறுத்திக்கினு இருந்தாரு" என்பான். அவனுக்கு மூன்று வயதாகும்போது அப்பா போய்விட்டார். அம்மா சின்னப்பொண்ணு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்டின் டவுனில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்தக் கதை அவள் சொன்னது. போட்டோகூட கிடையாது, கதை ஒன்றுதான் அவனுக்கு வந்த சொத்து.

இப்போது அந்த அப்பா காகிதத்தில் வேண்டியிருந்தார். குணசேகரின் மகள் லாவண்யா சி.இ.டி. நுழைவுத்தேர்வு எழுதி நல்ல ரேங்க் வாங்கியிருந்தாள். எஸ்.சி. சர்டிபிகேட் இருந்தால் இன்ஜினியரிங் சீட் நிச்சயம். இல்லாவிட்டால் அந்த ரேங்குக்குப் பணம் கட்டிப் படிக்கிற சீட்தான், அதற்கு இவர்கள் எங்கே போவார்கள்? கவுன்சிலிங் ஜூலை ஆறாம் தேதி. தாலுகா ஆபீஸில், தமிழ்நாட்டு வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பம் என்று தெரிந்ததுமே சொல்லிவிட்டார்கள். 1950க்கு முன்னால் குடும்பம் இந்த ராஜ்யத்தில் இருந்ததற்கு எழுத்து வேண்டும். குணசேகர் பிறந்ததே ஐம்பத்து மூன்றில்.

"ஜாதியைப் பத்தி சந்தேகம் இல்லே. ஆனா தாக்கலே பேக்கு. ஹளே தாக்கலே" என்று அந்த ஆபீசர் பொறுமையாகத்தான் சொன்னாராம். பழைய ஆவணம் வேண்டுமாம். அவர் சட்டத்தைச் சொன்னார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

"மைன் ஆபீஸ்ல பழைய ரிஜிஸ்டர் எல்லாம் இருக்கும்கறாங்க. நீங்க இங்கிலீஷ் படிப்பீங்க. ஒரு நாள் வர்றீங்களாக்கா?" என்று குணசேகர் கேட்டான்.

கடையை மூடுவதற்கு ஒரு காரணம் கிடைத்தால் நான் விடுகிறவளா? சனிக்கிழமை காலை குணசேகர், லாவண்யா, நான் மூன்று பேரும் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் மாரிகுப்பம் ரயில் ஏறினோம். குணசேகரின் மனைவி ராதாவுக்குக் கார்மென்ட்ஸில் சனிக்கிழமையும் வேலை. நாலு மணிக்கே எழுந்து புளிச்சோறு கிளறி, கருவாட்டைத் தனியாக வறுத்து எவர்சில்வர் டப்பாவில் கட்டிக் கொடுத்திருந்தாள். பங்காருப்பேட்டை வருவதற்குள் பெட்டி முழுக்கக் கருவாடு மணத்தது. எதிர் சீட் அம்மாள் மூக்கைப் பொத்தினாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டேன்.

ஆள் கணக்கு வைக்கிற மைன் டைம் ஆபீஸில் கணேசமூர்த்தி என்று ஒரு குமாஸ்தா இருந்தார். ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம். மைனையே மூடப்போகிறார்கள் என்ற பேச்சு இருந்ததால் அவருக்குப் பெரிதாக வேலை இல்லை. நல்ல மனுஷன். துணியில் கட்டியிருந்த ரிஜிஸ்டர்களை அவரே தூக்கி வந்து தூசு தட்டி வைத்தார்.

"பேரு?"

"முனுசாமி சார்."

கணேசமூர்த்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "தம்பி, தங்கவயல்ல நின்னு முனுசாமின்னு கூப்ட்டா பாதி ஷிப்டு திரும்பிப் பாக்கும். எல்லாரும் வட ஆற்காடு. எல்லார் வூட்லயும் மொதப் புள்ளைக்கு இந்தப் பேருதான். அப்பா பேரு சொல்லுங்க."

"குப்பன்."

"சரியாப் போச்சு" என்றார்.

குணசேகர் ரிஜிஸ்டர்களைப் பிரித்து வைக்க, நானும் லாவண்யாவும் தேடினோம். முப்பத்தைந்திலிருந்து ஐம்பது வரை பதினாறு வருஷம். வெள்ளைக்காரன் காலத்துக் கையெழுத்து, அங்கங்கே கரையான் அரித்திருந்தது. லாவண்யா ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். மதியம் புளிச்சோற்றை கணேசமூர்த்தியோடு பகிர்ந்து சாப்பிட்டோம். சாயங்காலம் ரயிலுக்குப் புறப்படுகிறபோது நூற்றுப் பதினேழு முனுசாமிகள் சேர்ந்திருந்தார்கள். டிம்பர் டிபார்ட்மென்டில் மட்டும் இருபத்து மூன்று. அதில் குப்பன் மகன் முனுசாமி இரண்டு பேர். ஒருவனுக்கு வாரிசு என்ற இடத்தில் தம்பி பெயர். இன்னொருவனுக்கு மனைவி ராஜம்மாள்.

"எங்கம்மா பேரு சின்னப்பொண்ணு" என்றான் குணசேகர்.

கணேசமூர்த்தி குரலைத் தாழ்த்தினார். "பாருங்க, முனுசாமி, குப்பன் மகன், முப்பத்தெட்டாம் வருசம் சேந்திருக்காரு. ஆபீஸ்ல பொண்டாட்டி பேரை யாரு போயி பாக்கப்போறாங்க? நான் காப்பி போட்டு சீல் வெச்சுத் தரேன். பொண்ணு படிக்கட்டும்."

சத்தியமாகச் சொல்கிறேன், நானாக இருந்தால் கையை நீட்டி வாங்கியிருப்பேன். லாவண்யாவும் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குணசேகர் ரிஜிஸ்டரை மூடி அவர் பக்கம் தள்ளினான்.

"வேணாம் சார். அந்த முனுசாமிக்கும் புள்ளைங்க இருக்கும் இல்ல? ஒரு நாளைக்கு அவங்க பேத்தி இதே சீட்டைத் தேடிக்கினு வரும். அப்ப இன்னா சொல்றது? பேரு ஒண்ணா இருந்தா அப்பன் ஆயிடுவானா?"

ரயிலில் லாவண்யா அப்பாவை விட்டு எதிர் சீட்டில் போய் உட்கார்ந்தாள். எனக்கும் கோபம்தான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிறதே என்று இருந்தது. "இவன் அரிச்சந்திரன் வீட்டு வாரிசு" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன். அவன் காதில் வாங்காத மாதிரி உட்கார்ந்திருந்தான்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போனோம். டிம்பரில் கரையான் அரித்த பக்கங்கள், மிஷின் டிரில் ரிஜிஸ்டர், மில் ரிஜிஸ்டர் எல்லாம் பார்த்துவிடலாம் என்று திட்டம். அந்தத் தடவை ஃபைலில் நான் ஒரு தாள் சேர்த்திருந்தேன். குணசேகரின் பிறப்புச் சீட்டு. ஐம்பத்து மூன்றாம் வருஷத்து சீட்டு எதற்கும் ஆகாது என்று அவன் வீட்டிலேயே வைத்திருந்தான். ஆகிறதோ ஆகவில்லையோ, ஃபைல் கனமாக இருக்க வேண்டும் என்பது என் தொழில் அனுபவம்.

கணேசமூர்த்தி ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்து அந்தச் சீட்டில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"தம்பி, எந்த லைன்னு உங்கம்மா சொல்லியிருந்தாங்க?"

"சாம்பியன் மைன் பக்கம்னு சொல்லும் சார். யாராச்சும் கேட்டா அப்டியே சொல்லுன்னு சொல்லிக் குடுத்துச்சு."

"சாம்பியன் பக்கம்தான். ஆனா இதுல 'வீட்டு நம்பர் 14, காளவாய் லைன்'னு போட்டிருக்கு. அது டிம்பர்காரங்க லைன் இல்லியே."

லைன் என்றால் தங்கவயலில் வரிசை வீடு. எந்த டிபார்ட்மென்டோ அந்த லைன். டிம்பர்காரனுக்கு ஒன்று, மில்காரனுக்கு ஒன்று, வாச்மேனுக்கு ஒன்று. அந்த ஊரில் ஒருவனைப் பார்த்து எந்த லைன் என்று கேட்டால், என்ன வேலை என்று கேட்டதாகத்தான் அர்த்தம். அங்கேயே வளர்ந்த எவனுக்கும் இது தெரியும். மூன்று வயதில் கிளம்பி வந்த குணசேகருக்குத் தெரியவில்லை. பெங்களூர்க்காரியான எனக்கு எப்படித் தெரியும்? நூற்றுப் பதினேழு முனுசாமிகளைத் தப்பான புஸ்தகத்தில் தேடியிருந்தோம்.

"அப்ப அது யாரு லைன் சார்?" என்று லாவண்யா கேட்டாள்.

கணேசமூர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சானிட்டரி ஆளுங்கம்மா. அப்ப லைன் வூடுங்களுக்கு எடுப்புக் கக்கூஸ்தான். விடியறதுக்கு முன்னாடி வாளில எடுத்து, வண்டில ஊத்தி, இழுத்துக்கினு போவாங்க. அவங்க பேரு மைன் ரிஜிஸ்டர்ல வராது. சானிட்டரி ஆபீஸ்ல தனியா இருக்கும். இங்க நூறு வருசம் தேடினாலும் வராது."

வெளியே ஷிப்டு முடிகிற சங்கு ஊதி ஓய்ந்தது.

"எங்கப்பா டிம்பர்மேன்" என்றான் குணசேகர்.

"தம்பி, நான் தப்பா..."

"டிம்பர்மேன் சார்." ஃபைலை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டான். சானிட்டரி ஆபீஸ் பத்து நிமிஷ நடைதான். அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தான்.

மூன்று நாள் அவன் வாய் திறக்கவில்லை. மழை பெய்துகொண்டே இருந்தது. ஹூடுகள் வந்து குவிந்தன. தையல் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது, கதை கேட்கவில்லை. டிரைவர்கள் என்னிடம் வந்து, "அண்ணனுக்கு இன்னாச்சு?" என்று விசாரித்தார்கள். கவுன்சிலிங்குக்குப் பதிமூன்று நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ராதா கார்மென்ட்ஸிலிருந்து நேரே அவன் கடைக்கு வந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு, முந்தானையெல்லாம் நூல் பிசிறு. நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அங்கேயே நின்றேன். ஒட்டுக்கேட்கவில்லை, அவர்கள்தான் சத்தமாகப் பேசினார்கள்.

"நாளைக்கு நான் லீவு போட்டுட்டு எம்பொண்ண இட்டுக்கினு போறேன்" என்றாள் ராதா.

"எங்க?"

"உங்கப்பா பேரு எங்க இருக்குதோ அங்க."

"அது எங்கப்பா இல்ல ராதா."

"இல்லன்னா இல்லன்னு பாத்துட்டு வரேன். அதுக்கு ஏன் பயப்படறீங்க?"

அவன் மிஷினை மிதிக்க ஆரம்பித்தான். ராதா கையை நீட்டி சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க யூனிட்ல நானூறு பேரு. மானேஜர் ஒரு வாரம் வரலன்னாலும் சட்டை தைச்சு வெளிய போயிக்கினேதான் இருக்கும். பாத்ரூம் கழுவற அக்கா ஒரு நாள் வரல, மத்தியானத்துக்குள்ள யூனிட்டே நின்னு போச்சு. அன்னிக்குத்தான் எல்லாருக்கும் அந்த அக்கா பேரே தெரிஞ்சுது. உங்கப்பா பண்ணது கேவலம்னா, அத பண்ண வெச்சவங்களுக்குத்தான் கேவலம். உங்களுக்கு இன்னா?"

"எனக்கு இன்னாவா?" குணசேகரின் குரல் உடைந்துவிட்டது. "நாப்பத்தஞ்சு வருசமா ஒரு ஆளை மனசுல வெச்சிருந்தேன் ராதா. அந்த ஆளு இல்லவே இல்லன்னா எனக்கு இன்னாவா?"

ராதா பக்கத்தில் கிடந்த நார் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை நான் வருவதற்குள் அவன் என் கடை வாசலில் நின்றிருந்தான். குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான்.

"எங்கம்மா இங்க வந்து வூட்டு வேலைதான் செஞ்சுது" என்று ஆரம்பித்தான். "பாத்திரம் தேய்க்கும், துணி துவைக்கும். கக்கூஸ் மட்டும் கழுவ மாட்டேன்னும். அதுக்காகவே ரெண்டு வூட்டை விட்டுச்சு. சோத்துக்கு இல்லாதப்பவும். இதுக்கு இவ்ளோ திமிரான்னு நான்கூட ஒரு நாள் திட்டிட்டேன். ராத்திரி பூரா அதையே நெனச்சிக்கினு இருந்தேன். அங்க அதுவும் அந்த வண்டி இழுத்திருக்கும் இல்லக்கா?"

"இருக்கலாம், குணா."

"எனக்கு அந்த வாடை தெரியக்கூடாதுன்னு கத கட்டி வளத்திருக்குது. நல்ல கததான். நான் நல்லாத்தான் வளந்தேன்." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ரயிலுக்கு நேரமாவுது. வர்றீங்களா?"

வராமல்? அன்று ராதாவும் லீவு போட்டாள். நாலு பேரும் போனோம்.

சானிட்டரி ஆபீஸ் ஒரு ஓட்டுக் கட்டடம். அங்கே இருந்த சீதாலட்சுமி என்ற அம்மாள் எங்கள் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, "இத்தனை வருசத்துல இந்தப் பொஸ்தகத்தைக் கேட்டு வந்த மொத குடும்பம் நீங்கதான். கஷ்டப்படற புள்ளைங்ககூட வந்து கேக்கறதில்ல" என்றாள். ரிஜிஸ்டரில் கரையான்கூட ஏறியிருக்கவில்லை. அங்கேயும் ஆறு முனுசாமிகள் இருந்தார்கள். லாவண்யா விரல் வைத்துக்கொண்டே போனாள். மூன்றாவது முனுசாமிக்கு அப்பா பெயர் ராமன். நாலாவதில் அவள் விரல் நின்றது.

"முனுசாமி. தகப்பன் பேரு குப்பன். மனைவி சின்னப்பொண்ணு. வீட்டு நம்பர் 14, காளவாய் லைன். வேலையில சேந்தது மார்ச் 3, 1941" என்று படித்தாள். ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

ராதா அழுதாள். நானும்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்? குணசேகர் மட்டும் அழவில்லை. கடைசிக் கட்டத்தில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருப்பதைக் காட்டி, "அது இன்னா?" என்று கேட்டான்.

லாவண்யா அதை முதலில் மனசுக்குள் படித்தாள். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "நாப்பத்து மூணாம் வருசம் காலரா வந்திருக்குப்பா. பாதிப் பேரு ஊரை விட்டு ஓடிட்டாங்களாம். முனுசாமி அந்த மூணு மாசத்துல ஒரு நாள்கூட லீவு எடுக்கல, மூணு லைனுக்கு தனியா வேலை பாத்தாருன்னு சூப்பர்வைசர் எழுதி கையெழுத்துப் போட்டிருக்காரு."

குணசேகர் அந்த வரியைத் தொட்டுப் பார்த்தான். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. "இன்னொரு வாட்டி படி" என்றான். லாவண்யா படித்தாள். "இன்னொரு வாட்டி" என்றான். சீதாலட்சுமி எழுந்து போய் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் தாலுகா ஆபீஸ். ஜூன் மாதம் என்றால் அங்கே கல்யாண வீட்டுக் கூட்டம். எங்களுக்குப் பின்னால் நாற்பது பேராவது நின்றிருப்பார்கள், பாதிப் பேர் ஆஸ்டின் டவுன்காரர்கள், குணசேகரிடம் சீட் தைத்தவர்கள். அதே ஆபீசர் சீல் வைத்த காப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்பா பெயர், மனைவி பெயர், வீட்டு நம்பர் எல்லாவற்றையும் பிறப்புச் சீட்டோடு ஒத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு பேனாவை எடுத்து, குனிந்து, எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார். அவருக்குத் தமிழ் சுமாராக வரும்.

"தாக்கலே சரி இருக்கு. தொழில்னு ஒரு கட்டம் இருக்கு இதுல. சும்னே, சும்மா 'மைன் கூலி'ன்னு போடட்டா? பசங்க பாப்பாங்க, காலேஜ்ல பாப்பாங்க. யாருக்கும் பேஜார் வேணாம்."

நல்ல மனசோடுதான் கேட்டார். நான் குணசேகரைப் பார்த்தேன். இரண்டு நாளைக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பான்.

"வேணாம் சார்" என்றான். "எங்கப்பா கக்கூஸ் வாரினாரு. அப்டியே எழுதுங்க."

"ஏனு?" ஆபீசருக்குக் கூட்டச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

குணசேகர் நிமிர்ந்து நின்றான். ஆட்டோ இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல் அவனுக்கு. "கக்கூஸ் வாரினாரு சார். நாப்பத்தொண்ணுலேர்ந்து. காலரா வந்தப்ப எல்லாரும் ஓடினாங்க, அவரு ஓடல. மைன் பொஸ்தகத்துல நூத்திப் பதினேழு முனுசாமி இருக்காங்க, ஒருத்தரும் எங்களுக்கு ஒறவு இல்ல. எங்களுது இவருதான். இவரு எப்டி இருந்தாரோ அப்டியே எழுதுங்க."

பின்னால் யாரோ ஒரு டிரைவர், "கரெக்டு அண்ணா" என்றான். ஆபீசர் கன்னடத்தில் அழகான கையெழுத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினார். லாவண்யா அப்பாவின் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி தளர்ந்ததை நான் பார்க்கவில்லை, வெளியே வந்து பஸ் ஏறும்வரை.

சர்டிபிகேட் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை கவுன்சிலிங். உள்ளே மாணவியோடு ஒருவரைத்தான் விடுவார்கள் என்பதால் குணசேகர் போனான். நானும் ராதாவும் வெளியே மரத்தடியில் தூறலில் நின்றோம். ராதா பிளாஸ்டிக் பையைத் தலையில் போட்டுக்கொண்டு தனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள், போகிறபோக்கில் என் மாதாவையும் சேர்த்துக்கொண்டாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. உள்ளே இருந்து வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் பார்த்து என் கழுத்து வலித்தது.

கடைசியில் குணசேகர்தான் முதலில் வந்தான். லாவண்யா பின்னால் ஒரு தாளை மழையில் நனையாமல் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவன் எங்களிடம் வருவதற்குள் பொறுக்காமல், கேட்டில் நின்ற வாச்மேனிடம், பக்கத்தில் காத்திருந்த முன்பின் தெரியாத அப்பா அம்மாக்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

"எலக்ட்ரானிக்ஸ் கெடச்சிருச்சு. கவர்ன்மென்ட் காலேஜு. காளவாய் லைன் முனுசாமி பேத்திக்கு."